சும்மா போன ரோடு

தவளை செத்ததைக்கூட அவர்கள் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். அது செத்த இடம்தான் பெரிய பேச்சாகிவிட்டது.

தவளை என்பது கார். பாசிப் பச்சை நிறம். முதல் கியரில் எடுத்தால் இரண்டு குதி குதித்துவிட்டுத்தான் நகரும். பல் டாக்டர் ஒருவர் தொழிலை விட்டு ஊரைக் காலி செய்தபோது விற்றதை அக்கா தங்கைகள் மூன்று பேரும் சேர்ந்து வாங்கினார்கள். தனித்தனியாக வாங்க ஒருத்திக்கும் வக்கில்லை. சேர்ந்து வாங்கி வாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னவள் மூத்தவள்.

வாரத்தின் முதல் பாதி அவளுக்கு. பின்சீட்டில் தார்ப்பாய் விரித்து, முட்டைத் தட்டுகளை அடுக்கி, பண்ணையிலிருந்து கடை கடையாகப் போட்டுவிட்டு வருவாள். அடுத்த இரண்டு நாள் இளையவளுக்கு. புருஷன் கப்பலில் வேலை பார்க்கிறான். மகனுக்கு ஒரு கால் சரியாக மடங்காது. அவனைப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அவளுக்கு வண்டி வேண்டும். சனியும் ஞாயிறும் நடுவிலவளுக்கு. அவளுக்கு எதற்கு என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. பங்கு என்றால் பங்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே காற்று. மழை வருகிற காற்று இல்லை. வெறுமனே மண்ணை வாரிக் கண்ணில் போடுகிற காற்று. நடுவிலவள் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினாள். சிமெண்ட் ஆலையையும் தாண்டினாள். அதற்கப்புறம் ஜல்லி லாரிகள் மட்டும் போய்வருகிற ரோடு. ஸ்டியரிங்குக்குப் பின்னால், வளைவில் திரும்பும்போதெல்லாம் கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைகிற சிவப்பு ஆயில் விளக்கு அன்றைக்கு அணையவில்லை. இந்த மேடு வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிடலாம் என்று நினைத்தாள். மேட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொரு மேடு தெரிந்தது.

உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி சத்தம் ஆரம்பித்தது. ரேடியோவைக் கூட்டிவைத்தாள். அது மட்டும்தான் பின்னால் அவளுக்கு வெட்கமாக இருந்தது. பிறகு டமார் என்று ஒன்று வெடித்தது. பானெட்டுக்கு அடியிலிருந்து புகை. திரும்பிப் பார்த்தால், வந்த வழி முழுக்க ரோட்டில் கறுப்பாக ஒரு கோடு.

அவள் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். காற்று வண்டியைத் தொட்டில் மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தது.

ஒரு லாரிக்காரர் நிறுத்திக் கயிறு கட்டினார். கட்டும்போதே கேட்டார்.

“எங்கம்மா போறீங்க? இந்தப் பக்கம் எங்க குவாரியத் தவிர வேற ஒண்ணும் கெடையாதே.”

அவள் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

*

தவளை போய்ச் சேர்ந்த பட்டறையின் மெக்கானிக்குக்குத் தும்மல் என்று பேர். பெட்ரோல் வாசனை பட்டால் தும்மல் வரும். அதை வைத்துக்கொண்டு இந்தத் தொழிலுக்கு வந்து தலையும் நரைத்துவிட்டது. மறுநாள் சாயங்காலம் மூன்று பேரும் அவர் பட்டறையில் தவளையைச் சுற்றி நின்றார்கள். கூரைத் தகரம் ஒன்று காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது.

அவர் டார்ச்சை இன்ஜின் பக்கவாட்டில் அடித்து, அங்கே இருந்த ஓட்டைக்குள் விரலை விட்டுக் காட்டினார்.

“பாருங்க. உள்ள இருக்கிற ராடு உடைஞ்சு சுவத்தையே குத்திக்கிட்டு வெளிய வந்துடுச்சு. சொட்டு ஆயில் இல்ல. தொண்ட காஞ்சு போனவன் எவ்வளவு தூரந்தான் ஓடுவான்?”

“ஆயில் யாரு பாக்கறது?” என்றாள் மூத்தவள்.

மூன்று பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

“நீங்க பாக்கறீங்கன்னு நெனச்சேன் பெரியக்கா” என்றாள் இளையவள்.

“டயருக்குக் காத்து நான் புடிக்கிறேன். கண்ணாடி நான் தொடைக்கிறேன். ஆயிலும் நாந்தானா? எனக்கென்ன அது கட்டுன புருஷனா, தெனமும் எழுப்பி உக்கார வெச்சு வாயில ஊத்திவிடறதுக்கு?”

தும்மல் சிரித்தார், உடனே தும்மினார். துடைத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். இந்த இன்ஜினை இனி ஒன்றும் செய்வதற்கில்லை. ஆனால் இதே மாடல் வண்டி ஒன்று பின்னால் அடிபட்டு அவருக்குத் தெரிந்த இடத்தில் கிடக்கிறது. அதன் இன்ஜினைத் தூக்கி இதில் வைக்கலாம்.

“ஓடுமா?” என்றாள் மூத்தவள்.

“ஓடும். நல்லாவே ஓடும். ஆனா இதையும் பாத்துடுங்க.”

முன்சீட்டில் உட்காருகிறவர் கால் வைக்கிற இடத்தில் கிடந்த பலகையை எடுத்தார். துருப்பிடித்த தகட்டில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. பட்டறைத் தரை தெரிந்தது.

“இது எங்களுக்குத் தெரிஞ்சதுதானே” என்றாள் மூத்தவள்.

“போன வருஷம் ரெண்டு விரல் அளவுதான் இருந்துச்சு. உள்ளாற போற சட்டமும் இப்ப பொடிப்பொடியா உதிருது. இன்ஜின் போடறதுன்னா அதையும் வெட்டி ஒட்டணும். நான் செய்ய மாட்டேன்னு சொல்லல. மனசு இருந்தா செய்யலாம். இல்லையா, எடைக்குப் போட்டுடலாம். சனிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க. இத வெச்சுக்கிட்டு வேற வண்டி ஏத்த எடமில்ல.”

டார்ச்சை அணைத்துவிட்டு, கை துடைத்துக்கொண்டே, ஒரு பேச்சுக்குக் கேட்கிற மாதிரி கேட்டார்.

“ஆமா, அந்தக் குவாரி ரோட்டுல என்னக்கா வேல?”

“வழி மாறிடுச்சு” என்றாள் நடுவிலவள்.

“பாலத்தத் தாண்டுனா ஒரே ரோடு” என்றாள் மூத்தவள் மெதுவாக. “அதுல எங்க போய் வழி மாறும்?”

தகரம் அடித்துக்கொண்டிருந்தது. இளையவள் அவசரமாகக் கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்தாள்.

*

நடுவிலவளுக்கு வேலை சலவைக் கூடத்தில். ஊரிலிருக்கிற விடுதிகளின் படுக்கை விரிப்பெல்லாம் அங்கேதான் வரும். துவைத்துப் பிழிந்த ஈர விரிப்பை இந்த முனையில் அவளும் அந்த முனையில் இன்னொருத்தியும் பிடித்து, ஒரு உதறு உதறி, சுடச்சுடச் சுழல்கிற உருளைக்குள் விரல் படாமல் விட வேண்டும். அந்தப் பக்கம் அப்பளம் மாதிரி வெளியே வரும். விட்டதும் அடுத்தது. காலையில் நின்ற இடத்திலேயேதான் சாயங்காலம் வரை. தரையில் அவள் நிற்கிற இடத்தில் சிமெண்ட் வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. எத்தனையோ ஊர்க்காரர்கள் வந்து படுத்து எழுந்துபோன விரிப்புகள். அவள் மட்டும் அங்கேயே நின்றாள்.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் மூத்தவள் வந்துவிட்டாள். தலையில் வைக்கோல் துணுக்கு. கையில் துணிப்பை. ஓடு கீறி விற்க முடியாமல் போன முட்டைகளை அவித்துக் கொண்டுவந்திருந்தாள். கூடத்துக்குப் பின்னால், அழுக்கு மூட்டைகள் மேல் இருவரும் உட்கார்ந்தார்கள். கொடியில் போட்ட துணிகள் காற்றில் பறந்து முகத்தில் அறைந்தன.

“பஸ்லயா வந்த?” என்றாள் நடுவிலவள்.

“பின்ன? தவள மேலயா? ரெண்டு நாளா தட்டத் தலையில வெச்சுத் தூக்கிக்கிட்டு அலையறேன். இடுப்பு விட்டுப்போச்சு.” முட்டையைக் கல்லில் தட்டி உரித்தாள். உரித்ததைத் தங்கைக்குக் கொடுத்தாள். “சாப்புடு. சாப்ட்டுட்டு உண்மையச் சொல்லு. யாரு?”

“யாரு என்ன யாரு?”

“எங்கிட்ட நடிக்காதடி. திங்கக்கெழம காலைல வண்டி எடுத்தா நான் மொதல்ல பாக்கறது கிலோமீட்டரத்தான். ஒவ்வொரு வாரமும் எங்கயோ போய்ட்டு வர்ற. பெட்ரோல் ரொப்பி வெச்சுடற, அதனால நானும் கேக்கல. குவாரில வேல பாக்கறானா?”

நடுவிலவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. முட்டைக் கரு நெஞ்சில் அடைத்து இருமினாள். அக்கா முதுகைத் தட்டினாள். தட்டிய கை கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

“ஒருத்தனும் இல்லக்கா.”

“அப்புறம்?”

“சும்மா போனேன்.”

“சும்மான்னா?”

“சும்மான்னா சும்மாதான். ஏறி உக்காருவேன். ரோடு எங்க போகுதோ அங்க போவேன். போரடிச்சா திரும்பிடுவேன்.”

“அங்க போய் என்ன பண்ணுவ?”

“ஒண்ணும் பண்ண மாட்டேன். எறங்கக்கூட மாட்டேன். ஒரு தடவ ஒரு ஏரி வந்துச்சு. கொஞ்ச நேரம் பாத்துட்டு வந்துட்டேன். ஒரு தடவ ரயில்வே கேட்டு. ரயிலு போச்சு, வந்துட்டேன்.”

மூத்தவள் உரித்துக்கொண்டிருந்த முட்டையை அப்படியே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். ஆள் ஒருவன் இருந்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது என்று நடுவிலவளுக்குத் தோன்றியது. திட்டி, அழுது, அவனைப் போய் நாலு கேள்வி கேட்டு, தங்கையை இழுத்துக்கொண்டு வந்திருப்பாள். இதற்கு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“காசக் கொட்டி வாங்கின வண்டிய எடுத்துக்கிட்டு, ஒரு வேலையும் இல்லாம, சும்மா.”

“என் பங்குதானே.”

“பங்கப் பத்திப் பேசல நான்!” மூத்தவள் எழுந்துவிட்டாள். மடியிலிருந்த முட்டை ஓடெல்லாம் காற்றில் பறந்தது. “இத்தன வருஷமா அந்த வண்டி ஓட்டறேன். பண்ண, கட, வீடு. பண்ண, கட, வீடு. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, அந்தப் பக்கம் திரும்பிப் பாக்கலாம்னு எனக்குத் தோணியிருக்காதா? சும்மா போறதுக்கு எனக்கு மட்டும் காலு இல்லையா?”

“போயிருக்க வேண்டியதுதானேக்கா.”

“போக முடியுமா?” என்று கத்தினாள். கொடிக்கு அந்தப் பக்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “போனா நான் திரும்பி வரணுமே. உனக்குத் தெரியாது.”

மணி அடித்தது. நடுவிலவள் உருளைக்குப் போக வேண்டும். மூத்தவள் பையை உதறி மடித்தாள்.

“இன்ஜின் போடறோம். சனிக்கெழம நீயும் அதத்தான் சொல்ற. சின்னவ என்னமோ பின்வாங்கறா. நாம ரெண்டு பேரு சொன்னா முடிஞ்சுது.” கொஞ்ச தூரம் போய்த் திரும்பினாள். “ஆனா இனிமே எங்க போறன்னு சொல்லிட்டுப் போ. அவ்வளவுதான் நான் கேக்கறது.”

*

நடுவிலவள் வீட்டின் முன்னறைதான் அவள் புருஷனின் மூக்குக்கண்ணாடிக் கடை. மனிதர் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். தண்ணீர் சொட்டச் சொட்டச் சுற்றுகிற கல்லில் கண்ணாடி வில்லையின் ஓரத்தைக் காட்டி, கொஞ்சம் தேய்த்து, சட்டத்தில் வைத்துப் பார்த்து, மறுபடி தேய்ப்பார். கதவை யார் திறந்தாலும் நிமிர மாட்டார். காலடிச் சத்தத்திலேயே ஆளைச் சொல்லிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் ஒன்றும் கேட்கவில்லை. கயிறு கட்டி இழுத்து வந்ததைச் சொன்னபோது, “உனக்கு ஒண்ணும் ஆகலையே?” என்றார். அத்தோடு சரி. அந்த ஒன்றும் கேட்காததுதான் அவளை வீட்டில் உட்கார விடாமல் துரத்தியது. பாத்திரத்தைத் தேய்த்தாள். தேய்த்த பாத்திரத்தை மறுபடி தேய்த்தாள். அலமாரியை இழுத்துப் பின்னால் கூட்டினாள். ஜன்னலைத் திறந்தால் மண். மூடினால் மூச்சு முட்டியது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளால் முடியவில்லை. கல் சுற்றிக்கொண்டிருக்கும்போதே போய் சுவிட்சை அணைத்தாள்.

“ஏன் கேக்க மாட்டேங்கறீங்க?”

அவர் வில்லையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “எத?”

“அங்க எதுக்குப் போனேன்னு. ஊரே கேக்குது. அக்கா கேக்கறா. தும்மல் கேக்கறாரு. லாரிக்காரன் கேட்டான்.”

“கேட்டா நீ ஏதாவது சொல்லியாகணும். சொல்றதுக்கு ஒண்ணும் இல்லேன்னா, எனக்காக ஒண்ணு தயார் பண்ணுவ. அது எதுக்கு?”

அவள் எதிரே இருந்த வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தாள். கண் சோதிக்கிற எழுத்துப் பலகை அவளுக்கு நேரே இருந்தது.

“சும்மா போனேங்க.”

“தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“சனி ஞாயிறு நீ வரும்போது செருப்பக் கழட்டறது வேற மாதிரி இருக்கும். மத்த நாளுல அது ஒரு பக்கம் இது ஒரு பக்கம் விழும்.” வில்லையைத் துணியில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். “ஒண்ணுதான் எனக்கு. ஒரு தடவகூட, வர்றீங்களான்னு நீ என்னக் கேக்கல.”

“கேட்டா வந்திருப்பீங்க.”

“வந்திருப்பேன்.”

“அதான் கேக்கல.”

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கு உறைத்தது. திரும்ப எடுக்க முடியாது. எடுக்கவும் அவளுக்கு மனமில்லை. அவர் தலையை ஆட்டினார், ஏதோ ஒரு வில்லை சட்டத்தில் பொருந்தவில்லை, இன்னும் தேய்க்க வேண்டும் என்பதுபோல. பிறகு எட்டி சுவிட்சைப் போட்டார். கல் சுற்றத் தொடங்கியது.

ராத்திரி ரொட்டியும் சூப்பும் வைத்தாள். அவர் எப்போதும்போல இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஆனால் உப்புப் புட்டியை அவளிடம் கேட்காமல் தானே எழுந்துபோய் எடுத்துக்கொண்டார்.

*

சனிக்கிழமை பட்டறையில் மூத்தவள் முதலிலேயே வந்து நின்றிருந்தாள். அடிபட்ட வண்டியின் இன்ஜினைத் தும்மல் வரவழைத்து ஒரு சாக்கின் மேல் வைத்திருந்தார். மூத்தவள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, பசு மாடு வாங்குகிறவள் மாதிரி தட்டிப் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. போட்டுடுங்க.”

“பெரியக்கா” என்றாள் இளையவள். அவள் குரல் எப்போதும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வரும். “பையன் காலு அந்தப் பலக மேலதான் இருக்கும். பள்ளத்துல எறங்கும்போதெல்லாம் நான் ஒரு கையால ஓட்டிக்கிட்டு ஒரு கையால அவன் முட்டியப் புடிச்சுக்கறேன். இத்தன நாளு சொல்லல. சொன்னா, உனக்கு மட்டும் புது வண்டியா கேக்குதுன்னு திட்டுவீங்க. ஆஸ்பத்திரி வேன்ல கேட்டுப் பாத்தேன், ஏத்திக்கறேன்னாங்க. எனக்கு வேணாம். என் பங்க எடைக்குப் போடுங்க.”

“பங்க மட்டும் எப்படிடி எடைக்குப் போடறது? கதவக் கழட்டித் தரவா?” என்றாள் மூத்தவள். ஆனால் அவள் கண் பலகைமேல் போய் நின்றுவிட்டது. பிறகு தும்மலைப் பார்த்தாள். “அத ஒட்டிடலாம்னு சொன்னீங்கல்ல?”

“ஒட்டலாம். ஒட்டுன எடம் நிக்கும். பக்கத்துல எது எப்ப உதிரும்னு எனக்கே தெரியாது.”

எல்லாரும் நடுவிலவளைப் பார்த்தார்கள். அவள் ஓட்டுகிறவர் கதவைத் திறந்து, உள்ளே உட்காராமல், சீட்டின்மேல் கை வைத்து நின்றிருந்தாள். வெயிலில் பிளாஸ்டிக் சுட்டது. உட்கார்ந்து சாவியைத் திருப்பினால் குதித்துக் கிளம்பிவிடும் என்று கை சொன்னது. கிளம்பி வாசல் வரை போவதற்குள் நாலு பேர், எங்கே, எங்கே, எங்கே.

“போட்டுடலாம்க்கா” என்றாள்.

“அதத்தான் நானும் சொல்றேன். இன்ஜின...”

“எடைக்கு.”

மூத்தவள் புது இன்ஜினைவிட்டு அவள் பக்கம் வந்தாள். “உனக்காகத்தானடி நான் இவ்வளவு தூரம்...”

“தெரியும்க்கா. அதுல ஏறுனா இனிமே எங்க போறேன்னு சொல்லிட்டுத்தான் போகணும். எனக்கே தெரியாதத எப்படிச் சொல்லுவேன்? உனக்கு ஒரு லோடு ஆட்டோ பாக்கலாம். இடுப்பாவது தப்பிக்கும். என் பங்குல வர்றதையும் அதுக்கே வெச்சுக்க.”

“உன் பங்கு யாருக்கு வேணும்?” மூத்தவளின் மூக்கு சிவந்துவிட்டது. தும்மல் நல்ல நேரத்தில் தும்மினார்.

சாமான்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார். தார்ப்பாயை மூத்தவள் உதறினாள். பல வருஷத்து முட்டை ஓடு கொட்டியது. இளையவள் குழந்தையின் ஒற்றைக் காலுறையையும் தலையணையையும் எடுத்துக்கொண்டாள். நடுவிலவளுக்கு எடுக்க ஒன்றுமே இல்லை. அதைப் பார்த்து மூத்தவள், “ஒரு சீப்புகூட விட்டு வெக்கலையேடி நீ” என்றாள். திட்டுகிற மாதிரிதான் ஆரம்பித்தாள்; முடிக்கும்போது வேறு மாதிரி இருந்தது.

இரும்புக்கடை லாரி வந்தது. சங்கிலி மாட்டி இழுத்தபோது தவளை ஏற மறுத்துப் பக்கவாட்டில் நழுவியது. இரண்டு ஆள் சேர்ந்து தள்ளினார்கள். மூத்தவளும் போய்த் தோள் கொடுத்தாள். ஏறியதும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்துவிட்டாள்.

*

அந்த வாரம் முழுக்க மூத்தவள் போனை எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. காற்று ஓய்ந்து, மேகம் கூடிப் புழுங்கிக்கொண்டிருந்தது. நடுவிலவள் காலையிலேயே வீட்டை இரண்டு முறை பெருக்கிவிட்டாள். திரைச்சீலையைக் கழற்றினாள், நன்றாகத்தான் இருக்கிறது என்று மறுபடி மாட்டினாள். கடைசியில் செருப்பை மாட்டிக்கொண்டு முன்னறைக்கு வந்தாள்.

அவர் நிமிரவில்லை. “குடை எடுத்துக்க” என்றார்.

அவள் நின்றாள். அவர் கேட்டுவிடுவாரோ என்று ஒரு நொடி பயந்தாள். அவர் கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்த பிறகு, கேட்காமல் இருப்பதற்கு அந்த மனிதருக்கு எவ்வளவு சிரமமாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே தெருமுனை வரை நடந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது போன் அடித்தது. மூத்தவள்.

“எங்கடி இருக்க?”

“பஸ் ஸ்டாப்ல.”

“எந்த பஸ்ஸு?”

“தெரியலக்கா. வர்றதப் பாத்துதான்.”

அந்தப் பக்கம் ஒரு பாத்திரத்தை டங்கென்று வைக்கிற சத்தம் கேட்டது. “அங்கயே இரு. நானும் வரேன். அடுப்ப அணைச்சுட்டேன். இங்க வீட்டுல எல்லாரும் கொட்டக் கொட்ட முழிக்கறாங்க. இரு, வரேன்.”

தூரத்தில் பஸ் ஒன்று திரும்பி வந்துகொண்டிருந்தது. பலகையில் இருந்த ஊரின் பெயரை அவள் கேள்விப்பட்டதுகூட இல்லை. அக்கா வீட்டிலிருந்து இந்த நிறுத்தத்துக்கு வர எப்படியும் நேரமாகும். நின்றால் இந்த பஸ் போய்விடும். இரண்டு பேராகப் போனால் அக்கா எல்லாவற்றுக்கும் கணக்குக் கேட்பாள், முட்டை உரித்துத் தருவாள், இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும் என்பாள். நிற்காவிட்டால் அக்கா ஆயுசுக்கும் பேச மாட்டாள். பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது.

அவள் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். போன் இன்னும் காதில் இருந்தது.

“அக்கா, நான் ஏறிட்டேன்.”

“அடிப்பாவி! இருன்னு சொன்னேன்ல? செருப்பக்கூட மாத்தாம ஓடி வந்துட்டேண்டி. எங்க தெருமுனை ஸ்டாப்புக்கே வந்துட்டேன்.”

“அங்கயே ஒண்ணு வரும். அதுல ஏறு.”

“அது உன் பஸ்ஸு போற எடத்துக்குப் போகுமா?”

“போகாது. எதுல வேணும்னாலும் ஏறுக்கா.”

“பைத்தியம் புடிச்சிருச்சா உனக்கு? தனியா நான் எங்கடி போவேன்?”

முதல் தூறல் கண்ணாடியில் சாய்வாகக் கோடு போட்டது. அந்தப் பக்கம் அக்கா திட்டிக்கொண்டே இருந்தாள். வளர்த்தது, படிக்க வைத்தது, எல்லாம் வந்தது. திட்டுக்கு நடுவில் பிரேக் பிடித்து ஒரு பெரிய வண்டி நிற்கிற சத்தம் கேட்டது. திட்டு நின்றுபோனது.

“இது எங்கப்பா போகுது?” என்று யாரிடமோ கேட்டாள் மூத்தவள்.

“நீங்க எங்கம்மா போகணும்?” என்று சிடுசிடுத்தார் கண்டக்டர்.

நடுவிலவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.